வானத்தின் மேல் ஏற்றிய பழி

"வானிலை" என்பது இன்று நம்மவர் நாவில் மிக மலிவாய்ப் புழங்குஞ் சொற்களுள் ஒன்று. சந்தையில் கீரை விலை ஏறினால் வானிலை. லாரி வந்து சேராவிடில் வானிலை. ஆற்று நீர் வீட்டுக்குள் புகுந்தால் வானிலை. தோட்டத்தில் ஒரு நாட் கூலி குறைந்தாலும் வானிலை. சொன்னவுடன் கேட்டவர் தலையசைக்கிறார், மேற்கொண்டு கேட்பாரில்லை. வானத்தோடு வழக்காட யாரால் இயலும்? வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இவ்வாறு வழக்கை முடித்து வைப்பதற்கே இச்சொல் பெரிதும் பயன்படுகிறது என்பதையும், அதனால் இலாபமடைவோர் எப்பொழுதும் ஒரு சாராராகவும் நட்டமடைவோர் எப்பொழுதும் மற்றொரு சாராராகவும் இருக்கின்றனர் என்பதையுமே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

இலக்கிய அனுபந்தத்தில் மழையையும் கூலியையும் பற்றி எழுதுவானேன் என்று சில பண்டிதர் முகஞ் சுளிக்கக் கூடும். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்கும் அதிகாரமே வான்சிறப்பு அன்றோ? மழையையும் வயிற்றையும் அந்நூலாசிரியர் இலக்கியத்துக்குப் புறம்பான சங்கதிகளாகக் கருதினாரில்லை. சொல்லாராய்ச்சி என்பது ஏட்டிற் கிடக்கும் சொற்களை மட்டும் புரட்டிப் பார்ப்பதன்று. பெரட்டுக் களத்திலும் கடைத்தெருவிலும் ஒரு சொல் யாருக்காக வேலை செய்கிறது என்று பார்ப்பதும் சொல்லாராய்ச்சியே.

சொல்லும் பொருளும்

முதலிற் சொற்களைத் தரம் பிரித்துக் கொள்வோம். ஓரிடத்தில் ஒரு நாளில், அல்லது ஒரு நாழிகையில், வெயில், மழை, காற்று, ஈரம், மேகம் ஆகியவை எந்நிலையில் இருக்கின்றனவோ அதுவே வானிலை. ஆங்கிலர் வெதர் என்பது இதனையே. ஓரிடத்து வானிலையைப் பல்லாண்டுகள் இடைவிடாது குறித்து வைத்துச் சராசரி கண்டு, அவ்விடத்தின் இயல்பு இன்னதென வகுப்பது காலநிலை. அவர்கள் வாய்மொழியிற் கிளைமேட். உலக வானிலை அமைப்பு இதற்கு முப்பதாண்டுக் கணக்கை அளவாகக் கொண்டிருக்கிறது. 1991 முதல் 2020 வரையுள்ள முப்பதாண்டுகள் அவ்வமைப்பின் அண்மைக் கணக்கு. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதங்களில் திரும்பி வருவது பருவம். மலாய்க்காரர் மூசிம் என்பது இதுவே. அரபியரின் மவுசிம் என்னுஞ் சொல் மலாய் மொழியில் மூசிம் ஆயிற்று. போர்த்துக்கேயர் வாய்வழிச் சென்று ஆங்கிலத்தில் மான்சூன் ஆயிற்று. தோட்டக் கணக்கு முறையிற் சொல்வதானால், வானிலை அன்றாடச் செலவுச் சீட்டு. பருவம் மாதக் கணக்கு. காலநிலையோ முப்பதாண்டுப் பேரேடு.

இம்மூன்றையும் நம்மவர் வழங்கும் அழகைப் பாருங்கள். இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ஒரு நாட் புயலையும் "சீரற்ற காலநிலை" என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டு அரசாங்கம் "காலநிலை மாற்றம்" என்று இலாகாவுக்குப் பெயர் வைத்திருக்கையில், சிங்கப்பூர்த் தமிழர் அதனையே "பருவநிலை மாற்றம்" என்கின்றனர். முதியோர் சிலர் இன்னும் சீதோஷ்ணம் என்பர். அதைத் தமிழ்ப்படுத்தியோர் தட்பவெப்பம் என்பர். சீதோஷ்ணத்திற் சீதமும் உஷ்ணமும் இருக்கின்றன. மழையும் காற்றும் எங்கே போயின?

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதென்று ஆங்கிலம் படித்த நண்பர்கள் மகிழ வேண்டா. வெதர் என்னுஞ் சொல்லின் வேர் காற்று வீசுதலைக் குறிப்பதென்பர் மொழிநூலார். கிளைமேட் என்பது கிரேக்க மொழியிற் சாய்வு என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்தது. பிரெஞ்சுக்காரருக்கோ நேரமும் வானிலையும் ஒரே சொல். எம்மொழியும் துல்லியமாகவே பிறந்து விடுவதில்லை. வழங்குவோரின் ஒழுக்கமே சொல்லுக்குத் துல்லியத்தைத் தருகிறது.

"எந்தச் சொல்லாயினும் என்ன, பொருள் விளங்கினாற் போதாதா?" என்பர் சிலர். போதாது என்பதே நமது விடை. ஒரு நாட் பெருமழையைக் காலநிலை என்று அழைத்துவிட்டால், "இவ்விடத்தின் இயல்பே இதுதான், இதனை மாற்றலாகாது" என்னும் எண்ணம் தானே வந்து சேரும். அது மனச்சோர்வு. முப்பதாண்டுகளாய் மெல்ல மெல்ல நேர்ந்து வரும் மாறுதலை வானிலை என்று அழைத்துவிட்டால், "நாளை வெளுத்துவிடும்" என்னும் எண்ணம் வந்து சேரும். அது அலட்சியம். ஒரு சொல்லை இடம் மாற்றி வைத்ததனால் மக்கள் சோர வேண்டாத இடத்திற் சோர்கிறார்கள். விழித்திருக்க வேண்டிய இடத்தில் உறங்குகிறார்கள்.

இம்மண்ணின் வானம்

இனி நம் இடத்துக்கு வருவோம். கெலாங் பாத்தா என்றால் மலாய் மொழியில் உடைந்த வளையல் என்று பொருள். ஜொகூரின் தென்மேற்கு மூலையில், பூலாய் ஆற்றுக்கும் நீரிணைக்கும் நடுவே கிடக்கும் இவ்வூரின் வானத்தை நம் பிள்ளைகள் எப்படி அறிகின்றனர்? ஆங்கிலப் பாடப்புத்தகம் அவர்களுக்கு வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என நான்கைக் கற்பிக்கிறது. தமிழாசிரியர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறைக் கற்பிக்கிறார். நான்கும் ஆறும் பத்து. இப்பத்தில் ஒன்றேனும் கெலாங் பாத்தாவில் இறங்கியதுண்டா? பனியைக் காணாத பிள்ளை "மார்கழிப் பனி" என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்குகிறது. விடியுமுன் தன் வீட்டுத் தகரக் கூரையை அதிர வைக்கும் காற்று எத்திசையிலிருந்து வருகிறதென்று அப்பிள்ளைக்குத் தெரியாது.

உள்ளது இது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று. அதன் முழு வேகத்தையும் மெர்சிங், கோத்தா திங்கி முதலிய கிழக்குக் கரையோரப் பகுதிகளே ஏற்கின்றன. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை. இவையன்றி, ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையைக் கடந்து பின்னிரவிலும் விடியலிலும் வந்து மோதும் வரிசைப் புயற்காற்று ஒன்றுண்டு. சுமாத்திராத் தீவின் பக்கமிருந்து வருவதால் அதற்குச் சுமாத்திரா என்றே பெயர். வெயிலும் மழையும் ஆண்டு முழுதும் கலந்தே இருக்கும். தமிழ்நாட்டிற் சென்னைக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர்; அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிற் கொட்டித் தீரும். தென் ஜொகூருக்கோ 2,000 மில்லிமீட்டருக்கு மேல். அதுவும் பன்னிரண்டு மாதத்தும் பங்கிடப்பட்டது. ஆகவே இங்கு "மழைக்காலம்" என்று சொல்லி ஒதுங்குவதற்கு இடமில்லை. மழை இம்மண்ணிற்கு விருந்தாளியன்று, வீட்டிலேயே இருப்பவன். வீட்டில் இருப்பவன் வந்துவிட்டான் என்று எவரேனும் திடுக்கிடுவதாகச் சொன்னால் நாம் நம்பலாமோ?

மழையும் செக்ரோலும்

ரப்பர் மரத்திற் பால் வெட்டுவது விடியுமுன் தொடங்கும் வேலை. குளிர்ந்த வேளையில் மரத்துள் அழுத்தம் மிகுந்திருப்பதால் அப்பொழுதே பால் நன்றாய் ஒழுகும். மரப்பட்டை நனைந்திருப்பின் பால் வெட்டுவாயில் ஒழுங்காய் ஓடாது, பட்டைமீது பரவி வீணாகும். வெட்டிய பின்னர் மழை வந்தால் மங்கில் சேர்ந்த பாலும் கழுவப்பட்டுப் போம். சுமாத்திராக் காற்று வரும் வேளையும் பால்வெட்டு வேளையும் ஒன்றாய் அமைந்தது இயற்கையின் செயல். இதுவரை நமக்கு வழக்கில்லை.

அடுத்த படியில்தான் வழக்கு. மழை பெய்தது, வெட்டு நின்றது, செக்ரோலில் அந்த நாளுக்கு நேரே மழை என்று குறிக்கப்பட்டது, கூலி இல்லை. கிராணிமார் மேசையில் எத்தனையோ தலைமுறையாய் எழுதப்பட்ட குறிப்பு இது. யாருக்கு என்ன நட்டம் என்று பார்ப்போம். வெட்டாத மரத்தின் பால் மரத்திலேயே இருக்கிறது. ஓய்ந்த மரம் மறு வெட்டிற் சற்று மிகுதியாகவே கொடுக்கும் என்பது தோட்டத்தார் அனைவரும் அறிந்தது. ஆதலின் கம்பெனியின் நட்டத்தில் ஒரு பகுதி வெறுந் தவணையே. மரத்தின் பால் மரத்தில் இருக்கிறது. தொழிலாளியின் நாள் எங்கே இருக்கிறது? அது மறு வெட்டில் திரும்பி வருவதில்லை. அவனுடைய பிள்ளையின் வயிறும் அந்நாளுக்கு ஓய்வு எடுப்பதில்லை.

"மழைக்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்று கேட்பர். செய்யக்கூடியது உண்டு. வெட்டுவாய்க்கு மேலே மரத்தைச் சுற்றி ஒட்டும் மழைத்தடுப்பு என்னும் சிறு கவசம் புதிதன்று. கேரளத்தில் இதனைப் பொருத்திப் பெருமழை மாதங்களிலும் பால் வெட்டுகின்றனர். கவசத்துக்குச் செலவுண்டு. அச்செலவைச் செய்வதா, தொழிலாளியின் கூலி நாளைக் குறைப்பதா என்பது ஓர் ஆபீசில், ஒரு மேசையில், ஒருவர் எடுக்கும் முடிவு. அம்முடிவுக்கு வானிலை என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்?

சட்டம் இவ்விஷயத்தில் நம் பண்டிதரினும் தெளிவாய்ப் பேசியிருக்கிறது. 1955ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டுமென்றது. கொடுக்க இயலாவிடினும், கொடுக்கத் தவறினும், அவன் வேலைக்கு ஆயத்தமாகவும் தகுதியாகவும் இருந்த நாட்களுக்கு முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டுமென்றது. "இயலாவிடினும்" என்னும் சொல்லைக் கவனியுங்கள். மழை வந்தால் கூலி இல்லை என்று அதிற் சொல்லவில்லை. சட்டம் எழுதியோர் அறிந்தே எழுதினர். மலாயாவில் மழை பெய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. ஆனால் இப்பிரிவு இருப்பதை அறிந்து கேட்ட தொழிலாளர் எத்தனை பேர்? மழை என்ற ஒற்றைச் சொல் அவர்கள் வாயை முன்னரே அடைத்துவிட்டது.

இன்று கெலாங் பாத்தாவைச் சுற்றிப் பால் மரங்கள் அருகிச் செம்பனை ஓங்கி, செம்பனையும் அருகி வீட்டு மனைகளும் தொழிற்கூடங்களும் வந்துவிட்டன. செம்பனைக் காட்டில் இன்று குலை வெட்டுவோரில் மிகப்பலர் கடல் கடந்து வந்த வேற்று நாட்டார். மழை பெய்தால் மண்சாலை சேறாகிக் குலை ஏற்றும் லாரி அழுந்துகிறது. பழம் ஆலை சேராமற் கெடுகிறது. குலைக் கணக்கிற் கூலி பெறுவோனுக்கு எண்ணிக்கை குறைகிறது. சாலையில் சரளை போடாததும் ஓரத்தில் வடிகால் வெட்டாததும் வானத்தின் குற்றமாய் எழுதப்படுகின்றன. நம்மவர் பட்டணம் சேர்ந்துவிட்டனரே, இவ்வழக்கு அவர்களுக்கு முடிந்துவிட்டதன்றோ என்றால், அதுவும் இல்லை. 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தின் மேல் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு துவாசுக்குப் போகும் தமிழ் இளைஞரைக் கேளுங்கள். மழையினால் அரைமணி தாமதம் என்று அவர் சொன்னால், "மழை வருமென்று தெரியாதா? முன்கூட்டிப் புறப்படக் கூடாதா?" என்பதே பதில். அதே முதலாளியின் சரக்கு தாமதித்தால், "வானிலை காரணமாக" என்று அச்சடித்த கடிதம் போகிறது. இவ்விதமாக வானிலை என்னும் சாட்சி ஒரு தரப்புக்கு மட்டுமே சாட்சி சொல்கிறது. மற்றத் தரப்பு அழைத்தால் அது நீதிமன்றத்துக்கே வருவதில்லை.

தோட்டத்து ஆபீசில் எழுதுகோல் பிடிக்கும் நாம் இன்னொன்றும் அறிவோம். மழைமானியில் அளந்த மழை மில்லிமீட்டர் கணக்கில் நாள்தோறும் ஏட்டில் ஏறுகிறது. இன்று வறட்சி நேர்ந்தால் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கழித்துச் செம்பனை விளைச்சல் குறையும் என்பது வரையில் அக்கணக்கை வைத்து மதிப்பிடுகின்றனர். மரத்துக்காக மழையை அளக்கத் தெரிந்தவர்களுக்கு மனிதனுக்காக அளக்க மட்டும் தெரியாமற் போவது விந்தையே.

தாது வருஷம் யார் மேல்?

வானத்தின் மேற் பழி போடும் வழக்கம் முதலாளிகள் கண்டுபிடித்ததன்று. அவர்களுக்கு முன்னமே வைதிகர் அதற்குப் பாதை போட்டு வைத்தனர். இன்றும் சித்திரை பிறந்தவுடன் கோயில்களிற் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். இவ்வாண்டு ராசா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மேகம் இன்னது, மழை இத்தனை மரக்கால் என்று வாசிக்கப்படுகிறது. இம்மரக்கால் இராமநாதபுரத்துக்கா, மெர்சிங்குக்கா, கெலாங் பாத்தாவுக்கா என்று கேட்டவர் உண்டா? ஒரே மரக்காலை மூன்றிடத்தும் கவிழ்க்க இயலுமோ? மழை பெய்யாவிடில் மனிதர் பாவம். மிகப் பெய்தால் கிரகக் கோளாறு. எது நடந்தாலும் கணித்தவருக்குத் தட்சணை உண்டு, தவறினதற்குத் தண்டனை இல்லை. இத்தகைய தொழிலை வேறெங்கும் காண்பதரிது.

இந்த மனப்பழக்கம் செய்த கேட்டுக்குப் பெரிய உதாரணம் ஒன்றுண்டு. 1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திற் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீண்ட பெரும் பஞ்சம் வந்தது. மாண்டோர் தொகை 50 இலட்சத்துக்கு மேலென்று மதிப்பிடப்படுகிறது. பிழைத்தவரிற் பலர் கண்டிக்கும் கடல் கடந்த பிற தோட்டங்களுக்கும் கூலிகளாய்ப் புறப்பட்டனர். இன்று இந்நாட்டிலும் இலங்கையிலும் வாழும் தோட்டத் தமிழரின் முன்னோரைக் கப்பலேற்றிய காரணங்களுள் இத்தகைய பஞ்சங்களும் முக்கியமானவை. இப்பஞ்சத்துக்கு நம்மவர் இட்ட பெயர் என்ன? தாது வருஷப் பஞ்சம்!

பஞ்சாங்கத்து அறுபது வருஷங்களுள் ஒன்றன் பெயர் அது. அப்பெயருள் ஒளிந்திருப்பவர் யாவர்? வைசிராய் லிட்டன் பிரபு ஒளிந்திருக்கிறார். மாகாணம் பட்டினியாற் சுருண்டு கிடந்த 1877 சனவரி முதல் நாளில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார் தில்லியில் அவர் தலைமையிலேயே நடந்தது. சர் ரிச்சர்டு டெம்பிள் ஒளிந்திருக்கிறார். நிவாரண வேலையில் மண் சுமந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதுமென்று கணக்குப் போட்டவர் அவர். சென்னையின் சுகாதார அதிகாரியாயிருந்த கார்னிஷ் என்பவர், அவ்வளவு உணவில் உடலுழைப்பு இயலாதென்று எதிர்த்து எழுதியதும் வரலாறு. பஞ்சத்தின் நடுவேயும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிச் சென்றதும் வரலாறு. மழை பொய்த்தது வானத்தின் செயல். பசிபிக் பெருங்கடல் வெப்பமுற்றதோடு அதற்குத் தொடர்புண்டென்று இன்றைய அறிவியலார் விளக்குகின்றனர். ஆனால் தானியத்தை ஏற்றுமதி செய்ததும் படியைக் குறைத்ததும் வானமா? மழை பொய்த்தது வறட்சி. மக்கள் மாண்டது ஆட்சி. இரண்டையும் சேர்த்து ஒரு வருஷத்தின் தலையில் வைத்துவிட்டோம். தாது வருஷம் 1936லும் வந்தது, 1996லும் வந்தது. 50 இலட்சம் பேரை அது மறுபடியும் கொன்றதா? கொல்லவில்லை. வருஷத்துக்கு அந்தச் சக்தி இருந்ததில்லை.

வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களிலும் இதே பஞ்சாங்கம் வேறு உடையில் இருக்கிறது. புயல், வெள்ளம், இடி முதலியவற்றுக்கு அவ்வொப்பந்தங்கள் இட்ட பெயர் "தெய்வச் செயல்". கணக்கேட்டில் வேறெங்கும் தெய்வத்தைக் காணாதவர்கள், நட்ட ஈடு கொடுக்க வேண்டிய பக்கத்தில் மட்டும் பரம பக்தராகி விடுவதைக் கண்டு நாம் வியவாதிருக்க முடியவில்லை.

புகையும் வெள்ளமும்

வானம் ஒன்றுமே செய்வதில்லை என்பதன்று நமது வாதம். 2001 டிசம்பர் 27ஆம் நாள் வாமேய் என்னும் சூறாவளி ஜொகூரின் தென்கிழக்கிற் கரையேறியது. பூமத்திய ரேகைக்கு அத்துணை அருகில், ஒன்றரைப் பாகைக்கும் உட்பட்ட இடத்தில், சூறாவளி பிறக்குமென்று அதுவரை நூல்கள் சொன்னதில்லை. நமக்கு அண்மையிலுள்ள பூலாய் மலையில் மண் சரிந்து ஐவர் மாண்டனர். அத்தகைய சூறாவளியை எவரும் எதிர்பார்த்ததில்லை. இங்கு வானிலை என்ற சொல்லை நாமும் தலைவணங்கி ஏற்போம்.

ஆயின் 2006 டிசம்பரில் ஜொகூரிற் பெருவெள்ளம் வந்து, அது வடிந்து சில வாரங்களுக்குள் 2007 சனவரியில் மீண்டும் வந்ததே, அங்கு? சிகாமட், கோத்தா திங்கி முதலிய இடங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடுவிட்டு வெளியேறினர். மழை மிகப் பெரியது, உண்மை. ஆனால் ஆற்றின் தாழ்ந்த கரையில் ஊர் நிற்பதையும், மழைநீரை உறிஞ்சும் காடு குறைந்ததையும் மழை செய்யவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை; சென்னை மூழ்கியது. அன்று எங்கும் வானிலை என்றே பேச்சு. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீரை வெளியேற்றிய முறையைக் குறைகூறி, அதனை மனிதர் விளைத்த கேடு என்றது. மூன்றாண்டுகள் வானத்தின் கணக்கில் இருந்த பற்று ஒரு தணிக்கையில் மனிதர் கணக்குக்கு மாற்றப்பட்டது. கணக்கெழுதும் நமக்கு இதில் ஒரு பாடமுண்டு: தணிக்கை செய்யாத இடத்தில் எல்லாப் பற்றும் வானத்தின் பேரிலேயே நிற்கும்.

புகைமூட்டத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. 2013 சூன் மாதத்தில் மூவாரிற் காற்றுத் தூய்மைக் குறியெண் 746ஐ எட்டியது. சூன் 23ஆம் நாள் மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டாலே அபாயம். அப்பொழுதும் நம்மவர், "மானம் ஒரே மூட்டம், வானிலை சரியில்லை" என்றே பேசிக்கொண்டனர். அது மேகமா? கரிநிலத்துக் காட்டையும் புதரையும் கொளுத்தி நிலம் திருத்தியவர்கள் எழுப்பிய புகை. காற்று அதனைச் சுமந்து வந்தது, பற்ற வைக்கவில்லை. எல்லை கடந்த புகையைப் பற்றித் தென்கிழக்காசிய நாடுகள் 2002இல் ஓர் உடன்படிக்கை செய்தன. புகைக்குக் காரணமான கம்பெனிகளைத் தண்டிக்கச் சிங்கப்பூர் 2014இல் தனிச் சட்டமே இயற்றியது. வானிலையைத் தண்டிக்க எந்நாடும் சட்டம் இயற்றுவதில்லை. சட்டம் வந்ததிலிருந்தே அது வானிலையன்று என்பது விளங்கவில்லையா?

புதிய பஞ்சாங்கம்

இப்பொழுது புதிதாக ஒரு சொல் வந்திருக்கிறது: காலநிலை மாற்றம். இது பொய்யன்று, பொய்யென்பவர் பஞ்சாங்கக்காரரினும் பின்தங்கியவர். பூமியின் மேற்பரப்பு வெப்பம் 1850 முதல் 1900 வரையிலான சராசரியைக் காட்டிலும் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் ஏறக்குறைய 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்ததென்றும், இதற்கு மனிதர் செயல் காரணமென்பதில் ஐயமில்லையென்றும் உலக விஞ்ஞானிகளின் குழு 2021இல் அறிவித்தது. நமது குறை வேறு. சாக்கடையிற் குப்பை அடைத்துத் தெரு மூழ்கினாலும் காலநிலை மாற்றம், வடிகால் இல்லாமற் குடியிருப்புக் கட்டி அது மூழ்கினாலும் காலநிலை மாற்றம் என்று சொல்லி ஊராட்சியும் கட்டடக் கம்பெனியும் ஒதுங்கிக் கொள்வதைக் காண்கிறோம். பழைய நாளிற் சனியும் செவ்வாயும் இருந்த ஆசனத்தில் இன்று கரியமில வாயு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதனுள்ளும் மனிதன் செயலே இருக்கிறதென்பதை இவர்கள் மறக்கின்றனர். வானம் மாறியதற்கும் புகை விட்டவரே பொறுப்பு. மாறிய வானத்துக்குத் தக்கபடி வடிகால் வெட்டாததற்கும் வெட்டாதவரே பொறுப்பு. இரண்டு பொறுப்பையும் கழிக்க ஒரு சொல்லைப் பயன்படுத்துவது இரட்டை மோசடி.

"தொழிலாளிக்கு வேண்டியது சோறு, சொல்லாராய்ச்சி அவன் வயிற்றை நிரப்புமா?" என்று நம் நண்பர் சிலர் கேட்பது காதில் விழுகிறது. நிரப்பாது. ஆனால் வயிற்றிலிருந்து எடுத்தது யார் என்று காட்டும். களவு போன வீட்டில் முதலிற் கேட்பது யார் எடுத்தார் என்பதன்றோ? காற்று எடுத்தது என்று வீட்டுக்காரனே சொல்லிவிட்டால் போலீசுக்காரன் ஏன் வரப்போகிறான்?

ஆகவே நாம் வேண்டுவது கடினமானதன்று. தமிழாசிரியர்கள் ஆறு பெரும்பொழுதை இலக்கியமாகக் கற்பிக்கட்டும். அதோடு இந்நாட்டு இரு பருவக்காற்றையும் சுமாத்திராவையும் அறிவாகக் கற்பிக்கட்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆபீசுக்குள் மறைந்திருக்கும் மழைக் கணக்கைப் பெரட்டுக் களத்திற் பலகையில் எழுதி வைக்கட்டும். பத்திரிகைகள் வானிலை, பருவம், காலநிலை என்னும் மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்து எழுதட்டும். "வானிலை காரணமாக" என்று ஒரு செய்தி வந்தால், அவ்வாக்கியத்தை அங்கேயே முடிக்காதிருக்கட்டும்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள தோழர்கள் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பழக வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது? இதற்கு முன் இவ்விடத்தில் இவ்வளவு பெய்ததுண்டா? பெய்யுமென்று தெரிந்திருந்தால், முன்னேற்பாடு செய்ய வேண்டியது யாருடைய கடமை? முதற் கேள்விக்கு மழைமானி விடை சொல்லும். இரண்டாவதற்குப் பழைய ஏடு விடை சொல்லும். மூன்றாவதற்கு ஒரு மனிதர் எழுந்து நின்று விடை சொல்லியாக வேண்டும். அவர் எழுந்து நிற்கும் வரை நாம் உட்காரலாகாது.

தோட்டத்துப் பேச்சில் வானத்தை மானம் என்பது வழக்கம். "மானம் இருட்டிக்கிட்டு வருது" என்று நம் தாய்மார் சொல்வதைக் கேட்டே வளர்ந்தோம். அந்த மானம் இருளட்டும், பெய்யட்டும், வெளுக்கட்டும். அது அதன் இயல்பு. மற்றொரு மானத்தை அதன் பேர் சொல்லி நம்மிடமிருந்து பறிப்பவரிடம் இனிக் கணக்குக் கேட்போமாக.